ஒளித்துச் சுவைக்கும் இன்பம்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். காலையில் ஜபம், பகலில் உபநிடத வாசிப்பு, வாரம் ஒருமுறை கீதை வகுப்பு என்று ஒழுங்காக நடக்கும் வாழ்க்கை. ஆனால் மாலை ஏழரை மணியிலிருந்து எட்டு மணிவரை அவர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுவார். திரையில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். மூத்த மருமகள்மீது இளைய மருமகள் திருட்டுப் பழி சுமத்துகிறாள். மாமியாரின் முகத்தைக் காமிரா மூன்று முறை நெருங்கிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் இடி முழங்குகிறது. பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்திருக்கிறார்.

அப்போது வாசல் மணி ஒலிக்கிறது. அவருடைய கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. கதவு திறக்கும்போது திரையில் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. வந்தவர் கீதை வகுப்பை நடத்தும் குழுவின் செயலாளர். "செய்தியைக்கூட நிம்மதியாகக் கேட்க முடிவதில்லை. எங்கும் வன்முறை" என்று பேராசிரியர் சலித்துக்கொள்கிறார்.

யாருக்கும் இதனால் தீங்கில்லை. சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய சிறு விஷயம்தான். ஆயினும் அந்த ஒரு நொடியில் ரிமோட்டை அழுத்திய விரலுக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. அவர் எதை எண்ணி வெட்கப்பட்டார்?

தொடர் தரம் தாழ்ந்தது என்பதாலா? பேராசிரியரின் அலமாரியில் காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரம் இருக்கிறது. அதன் கதை என்ன? ஓர் அரசன் தன் பட்டத்தரசியின் பணிப்பெண்மீது காதல் கொள்கிறான். இளைய அரசி பொறாமையால் கொதிக்கிறாள். பட்டத்தரசி அந்தப் பெண்ணை அறையில் அடைத்துக் காவல் வைக்கிறாள். விதூஷகன் தன்னைப் பாம்பு தீண்டியதாக நடித்து, சிகிச்சைக்கென்று அரசியின் பாம்பு முத்திரை மோதிரத்தைப் பெற்று, அதைக் காட்டி அவளை விடுவிக்கிறான். இன்றைய தொடருக்குக் கதை எழுதுபவர் எவரும் இதில் ஒன்றையும் விட்டுவிட மாட்டார். அந்த நூலைப் படித்துக்கொண்டிருக்கும்போது மணி ஒலித்திருந்தால் பேராசிரியர் அதை மெத்தைக்கு அடியில் மறைத்திருப்பாரா? இல்லை, மேசைமீது எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருப்பார். காவியத்துக்கும் தொடருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு என்பது மெய்தான். ஆனால் அவர் மறைத்தது அந்த வேறுபாட்டை ஆராய்ந்து அன்று. 'இவர் இதையெல்லாம் பார்ப்பவரா' என்று இன்னொருவர் எண்ணிவிடுவாரே என்ற அச்சம்தான் காரணம். அதற்கு மனச்சான்று என்று பெயரிடுவது, மனச்சான்றின் மதிப்பைக் குறைப்பதாகும்.

இதைவிட நுட்பமான ஒரு நிலையும் உண்டு. வாசல் மணி ஒலிக்கவில்லை, வீட்டில் எவரும் இல்லை. அப்போதும் அவருக்குள் ஏதோ உறுத்துகிறது. 'இந்த அரைமணி நேரத்தில் பத்து சுலோகங்கள் படித்திருக்கலாம்' என்று அது சொல்கிறது. இதை வெறும் ஊர்ப்பழி அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்த உறுத்தல் என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலின் நான்காம் பகுதியில் லியோந்தியஸ் என்ற ஏதென்ஸ் நகரத்தவனைப் பற்றிச் சொல்கிறார். நகர மதிலுக்கு வெளியே கொலைத்தண்டனை பெற்றவர்களின் சடலங்கள் கிடக்கின்றன. அவனுக்குப் பார்க்க ஆசை. பார்ப்பதில் அருவருப்பும் இருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு தன்னுடனேயே போராடுகிறான். கடைசியில் ஆசை வெல்கிறது. சடலங்களை நோக்கி ஓடி, தன் கண்களையே திட்டி, 'பாவிகளே, வேண்டுமட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் கத்துகிறான். மனிதனுக்குள் ஆசையும் அதனோடு சண்டையிடும் ஓர் உணர்ச்சியும் தனித்தனியே இருக்கின்றன என்று காட்டப் பிளேட்டோ இதைப் பயன்படுத்துகிறார். ஆனால் கதையில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. அவன் கோபித்தான்; கண்கள் பார்த்தன. கோபம் பார்வையை நிறுத்தவில்லை. 'திட்டிவிட்டேன், என் கடமை முடிந்தது' என்பதுபோல அது பார்வைக்கு வழிவிட்டது.

குற்றவுணர்வு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. சுங்கச் சாவடியில் பணம் கட்டிவிட்டு வண்டி மேலே செல்வதைப்போல, உறுத்தல் என்ற கட்டணத்தைச் செலுத்திவிட்டு மனம் தன் வழியே போகிறது. 'நான் இதைப் பார்த்தாலும் இதை உயர்வாக எண்ணவில்லை' என்ற நினைப்பு ஒரு சிறு உயர்வையும் தருகிறது. போதாக்குறைக்கு, ஒளித்துத் தின்னும் பண்டத்துக்குச் சுவை கூடுதல் என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இன்பத்தின் பகைவன்போல் நின்ற உறுத்தல் உண்மையில் அதன் கூட்டாளியாகிவிடுகிறது. கர்மேந்திரியங்களை அடக்கிக்கொண்டு மனத்தால் விஷயங்களையே எண்ணிக்கொண்டிருப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் மித்யாசாரன், அதாவது பொய்யொழுக்கம் உடையவன் என்கிறார். பேராசிரியர் இந்திரியங்களைக்கூட அடக்கவில்லை என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லலாம். எனினும் அவர் ஓர் உருவத்தைக் காட்டி இன்னோர் உருவத்தில் வாழ்கிறார். அந்தப் பிளவைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன இரு நண்பர்களின் கதை அன்பர்கள் அனைவருக்கும் தெரியும். ஒருவன் பாகவதம் கேட்க அமர்ந்தான். மற்றவன் விலைமாதின் வீட்டுக்குச் சென்றான். பாகவதம் கேட்டவனின் மனம் 'நண்பன் எவ்வளவு இன்பமாக இருப்பான்' என்று ஏங்கியது. மற்றவனோ தன்னையே நொந்து, 'நண்பன் ஹரிகதை கேட்கிறான், நான் எங்கே வந்து கிடக்கிறேன்' என்று வருந்தினான். இறந்தபின் முதலாமவனை எமதூதர்களும் இரண்டாமவனை விஷ்ணுதூதர்களும் அழைத்துச் சென்றனர். அப்படியானால் உறுத்தல்தானே ஒருவனைக் காத்தது?

கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. அந்த நண்பனின் மனம் அவன் இருந்த இடத்தை விட்டே போய்விட்டது. அங்கே அவனுக்குச் சுவை மிஞ்சவில்லை. வருத்தமும் சுவையும் கைகோத்து நடக்கவில்லை. பேராசிரியரின் உறுத்தல் அவரை நாற்காலியின் நுனியிலிருந்து ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை. முன்னது பச்சாத்தாபம்; பின்னது பழகிப்போன முணுமுணுப்பு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவதால்தான் குழப்பம் விளைகிறது.

உறுத்தலை ஒதுக்கிவைத்துவிட்டு, இன்பத்தையே ஆராய்வது பயன் தரும். பிறருடைய துன்பத்தைத் திரையில் கண்டு மனிதன் ஏன் மகிழ்கிறான்? பரதமுனிவரின் நாட்டிய சாஸ்திரம் எட்டு ரசங்களைக் கூறுகிறது. சோகமும் அச்சமும் அருவருப்பும்கூட அரங்கில் சுவையாகிவிடுகின்றன. காஷ்மீரத்து அபிநவகுப்தர் இதற்குத் தந்த விளக்கம் ஆழமானது. அரங்கில் காணும் துயரம் எனதும் அன்று, பகைவனதும் அன்று, நடிகனதும் அன்று, அது பொதுமையாகிவிடுகிறது. 'நான், எனது' என்ற முடிச்சு சற்றே தளர்வதால் அங்கே ஆனந்தம் தோன்றுகிறது. இந்தச் சுவையைப் பிரம்மானந்தத்தின் சுவைக்கு நெருங்கியதாக நம் ஆசாரியர்கள் கருதினர். ரசம் தோன்றாமல் தடுக்கும் இடையூறுகள் ஏழு என்றும் அபிநவகுப்தர் கூறுகிறார். அவற்றுள் ஒன்று, பார்ப்பவன் தன் சொந்த இன்ப துன்பங்களிலேயே மூழ்கியிருப்பது.

நெடுந்தொடர்களின் இன்பத்தை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். திரையில் வரும் கொடுமைக்கார நாத்தனாரைக் காணும்போது ஒரு பெண்ணின் மனத்தில் பொதுவான சோகரசம் எழுகிறதா, அல்லது தன் வீட்டு நாத்தனாரின் முகம் எழுகிறதா? இரண்டாவது என்றால் அங்கே முடிச்சு தளரவில்லை, இறுகுகிறது. அவள் பார்ப்பது கதையை அன்று. தன் கணக்குப் புத்தகத்தை. மறுநாள் சமையலறையில் அந்தக் கணக்கு தீர்க்கப்படுகிறது. இதில் வெட்கப்பட வேண்டியது தொடரைப் பார்த்ததற்காக அன்று.

இன்னொரு குறையும் இங்கே சொல்லத்தக்கது. நாடகத்துக்கு முகம், பிரதிமுகம், கர்ப்பம், விமர்சம், நிர்வஹணம் என்று ஐந்து சந்திகளைப் பரதர் வகுத்தார். விதை ஊன்றப்பட்டு, முளைத்து, சிக்கி, தடைப்பட்டு, இறுதியில் முடிவை அடைகிறது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய 'க்யோங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' என்ற ஹிந்தித் தொடர் 2008 நவம்பர் வரை 1,800க்கும் அதிகமான பகுதிகளாக ஓடியது. 2025இல் மீண்டும் புதிதாகத் தொடங்கியது. அதன் நாயகன் 2001இல் இறந்ததாகக் காட்டப்பட்டபோது நாடெங்கும் பார்வையாளர்கள் கொந்தளித்தனர். அவன் உயிரோடு திரும்பி வந்தான். சாவித்திரி எமனிடம் அவ்வளவு வாதாடியிருக்க வேண்டியதில்லை போலும்! மரணமே முடிவில்லாத இடத்தில் நிர்வஹணம் எங்கிருந்து வரும்? தினந்தோறும் கதை சிக்கலின் உச்சியில் நிறுத்தப்படுகிறது. ஆசையைத் தீர்ப்பது அதன் நோக்கம் அன்று. நாளைக்கு மிச்சம் வைப்பதே நோக்கம். பேராசிரியருக்கு எட்டு மணிக்கு நிறைவு ஏற்படாததும், மறுநாள் ஏழரை மணிக்காக மனம் காத்திருப்பதும் இதனால்தான்.

கற்பனைப் பாத்திரங்களை விட்டு, உண்மை மனிதர்களை ஒரே வீட்டில் அடைத்துவைத்து, அவர்களின் சண்டையையும் அழுகையையும் காட்டும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. 'பிக் பாஸ்' ஹிந்தியில் 2006இலும் தமிழில் 2017இலும் தொடங்கியது. அங்கே அழுபவர் நடிகராகவே இருந்தாலும், அந்தக் கண்ணீர் அரங்கத்துக் கண்ணீர் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒருவர் அவமானப்படுவதைக் கண்டு உள்ளே ஓர் இனிப்பு ஊறுமானால், அது நிச்சயமாக ரசம் அன்று. லியோந்தியஸின் கண்கள் அவை. அங்கே எழும் உறுத்தலை அசட்டை செய்யலாகாது. அது ஊர்ப்பழிக்கு அஞ்சி எழுவதன்று. 'தரமான நிகழ்ச்சியா' என்பதைவிட 'என்னுள் எதற்கு இது தீனி போடுகிறது' என்ற கேள்வியே இங்கு பயனுள்ளது. அந்தக் கேள்விக்கு விடை ஒவ்வொருவருக்கும் வேறுபடும். ஒரே தொடர் ஒருவருக்கு இளைப்பாறுதலாகவும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் இருக்கக்கூடும்.

1884ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஸ்ரீராமகிருஷ்ணர் கல்கத்தாவின் ஸ்டார் தியேட்டருக்குச் சென்று கிரீஷ் சந்திர கோஷின் 'சைதன்ய லீலா' நாடகத்தைக் கண்டார். அந்நாளில் நாடகக் கொட்டகை என்பது கண்ணியமானவர்கள் ஒளிந்து போகும் இடம். விலைமாதர் நடிக்கிறார்களே என்று அன்பர்கள் தயங்கினர். அவர்களை ஆனந்தமயியான அன்னையாகவே தாம் காண்பதாகக் குருதேவர் கூறினார். பொம்மைச் சீதாப்பழம் உண்மைப் பழத்தை நினைவூட்டுமே என்றார். சைதன்யராக நடித்தவர் வினோதினி. நாடகத்தின் நடுவே குருதேவர் சமாதியில் ஆழ்ந்தார். அவர் முக்காடிட்டுப் போகவில்லை. 'இதை நான் உயர்வாக எண்ணவில்லை' என்று விலகி நின்றும் பார்க்கவில்லை. முழு மனத்தோடு பார்த்தார்.

அது அவதார புருஷரின் நிலை, எல்லோருக்கும் ஆகுமா என்று கேட்கலாம். அவருடைய வாழ்விலேயே இன்னும் எளிய ஒரு நிகழ்ச்சி உண்டு. சாதனைக் காலத்தில் அவருக்கு ஜரிகை ஆடை அணிய வேண்டும், வெள்ளிக் குடுகுடுப்பையில் புகைக்க வேண்டும் என்ற ஆசைகள் எழுந்தன. அவர் அவற்றை மறைக்கவில்லை. மதுர்பாபு வேண்டியவற்றை வாங்கித் தந்தார். குருதேவர் ஆடையை அணிந்தார். குடுகுடுப்பையில் இப்படியும் அப்படியுமாகப் புகைத்துப் பார்த்தார். பின்பு, 'மனமே, வெள்ளிக் குடுகுடுப்பையில் புகைப்பது என்பது இதுதான்' என்று தமக்குத் தாமே கூறி, அதை விட்டுவிட்டார். ஆடையும் அப்படியே வீசப்பட்டது. இதில் தண்டனையோ முணுமுணுப்போ இல்லை. ஆசையை வெளிச்சத்தில் வைத்து அதன் முகத்தை முழுமையாகப் பார்த்தார்; பார்த்தபின் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆசைகளையெல்லாம் இப்படி அனுபவித்தே தீர்க்க வேண்டும் என்று அவர் உபதேசிக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்ள வேண்டும். பெரிய ஆசைகளை விவேகத்தாலேயே விலக்கச் சொன்னார். ஆனால் சிறிய ஆசைகள் இருட்டில்தான் கொழுக்கின்றன.

பேராசிரியருக்கும் இது தெரியாததன்று. கீதை வகுப்பில் அவரே இதைச் சொல்லியிருப்பார். அடுத்த வாரம் ஒருநாள், திருட்டுப் பழி சுமந்த மூத்த மருமகள் வீட்டை விட்டு வெளியேறும் கட்டத்தில், மறுபடியும் வாசல் மணி ஒலித்தது. கை ரிமோட்டுக்குச் சென்றது. அதை எடுத்தது. பின்பு மெல்ல மேசைமீது வைத்துவிட்டது.

உள்ளே வந்த செயலாளர் திரையைப் பார்த்தார். பேராசிரியரைப் பார்த்தார். நாற்காலியில் அமர்ந்துகொண்டே, "இவளை ஏன் துரத்துகிறார்கள்? வளையலை எடுத்தது வேலைக்காரன் என்று நேற்றே தெரிந்துவிட்டதே, ஐயா" என்றார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது.

பேராசிரியர் சிரித்துவிட்டார். இருவரும் எட்டு மணிவரை அமர்ந்து பார்த்தனர். இடி வழக்கம்போல் மூன்று முறை முழங்கியது. ஏனோ அன்று அது அவ்வளவு சுவையாக இல்லை.