அடிமரம்



இன்றைய முதல் வாசகத்தில் எசாயா இறைவாக்கினர் நமக்குக் காட்டுவது ஓர் அடிமரம். தாவீதின் தந்தை ஈசாயின் குலம் வெட்டுண்டு கட்டையாய் நிற்கிறது. அதிலிருந்து தளிர் வரும் என்கிறார் அவர்.

வெட்டிய கட்டை துளிர்க்குமா? சென்னைக்காரர்கள் கண்ணாலே பார்த்திருக்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அறுத்தெடுத்தபின் மிஞ்சிய கட்டைகள் சிலவற்றில், பட்டையைப் பிளந்துகொண்டு தளிர் வந்தது. தண்டில் இலை முளைக்கும் இடம் கணு. அங்கே இலைக்கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். உச்சியிலுள்ள நுனிமொட்டு வளர்கிறவரை கீழுள்ள மொட்டுகளை அடக்கியே வைத்திருக்கும். சில மொட்டுகள் பட்டைக்குள் பல ஆண்டுகள் உறங்கும். உச்சி போனதும் விழித்துக்கொள்ளும். ஆண்டவர் அந்த மொட்டைப் புயலுக்குப் பிறகு கொண்டுவந்து வைக்கவில்லை, முன்பே வைத்துவிட்டார்.

மண்ணுக்குள் புதைந்தாலும் தண்டு தண்டுதான். பொங்கலுக்கு மயிலாப்பூர் மாட வீதியில் கொத்தோடு வாங்குகிற மஞ்சளும் இஞ்சியும் வேரல்ல, தரைகீழ்த் தண்டுகள். உருளைக்கிழங்கின் ‘கண்’ என்கிறோமே, அது கணு. அதனால்தான் நறுக்கிப் புதைத்த துண்டும் முளைக்கிறது.

தென்னை அப்படியல்ல. ஒரே குருத்து, அது போனால் மரமே போயிற்று. வீடு சந்திக்க வரும்போது உங்களில் பலர் என்னிடம் தென்னையைப் போலத்தான் பேசுகிறீர்கள். வேலை போயிற்று, கணவர் போய்விட்டார், மகன் பேசுவதில்லை, இனி என்ன இருக்கிறது சாமி என்று. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்களைத் தென்னை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பாருங்கள். 1989இல் புயலில் அதன் நடுமரம் விழுந்தது. மரம் சாகவில்லை. கிளைகளிலிருந்து இறங்கிய விழுதுகள் பிறப்பால் வேர்கள். மண்ணைத் தொட்டபின் அடிமரம்போலத் தடித்து, இன்றுவரை கிளைகளைத் தாங்குகின்றன.

நாமும் ஒருவரையொருவர் அப்படித் தாங்கலாம். உங்கள் அன்பியத்தில், சில மாதங்களாகக் கூட்டத்துக்கு வராத வீடு ஒன்று இருக்கும். யாரென்று இப்போதே நினைவுக்கு வந்திருக்கும். இந்த வாரம் அங்கே போங்கள். அறிவுரை வேண்டாம். ஒரு வேளைச் சோறு எடுத்துக்கொண்டு போய், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருங்கள்.