நடு எங்கே?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொழும்பு மாநகரம் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டு மூலைகளில் தூசி படிந்து கிடந்த சைக்கிள்கள் அந்நாட்களில் மீண்டும் வீதிக்கு வந்தன. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகும் பெரிய உத்தியோகத்தர்களும் காலி வீதியில் மிதித்துச் செல்வதைக் கண்டோம். கொட்டாஞ்சேனையில் சைக்கிள் திருத்துபவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஜம்பட்டா வீதிப் பக்கம் அப்படியான ஒரு கடை வாசலில் நான் கண்ட சிறு காரியம் ஒன்று இன்றுவரை என் மனதைக் குடைகிறது. இருவர் வழக்காடும்போது நடுவில் நிற்பதென்றால் எங்கே நிற்பது என்ற பழைய கேள்வியை அது எனக்குப் புதிதாகக் கேட்டது.

பூசைக்கு உதவும் பையன் ஒருவனின் கியர் சைக்கிள் குழியில் விழுந்து பின் சில்லு நெளிந்துபோயிற்று. யாரோ ஒருவரிடம் கொடுத்துப் புது றிம் போடுவித்தான். வேலை பார்வைக்கு வெகு நேர்த்தி. கையில் பிடித்துச் சுழற்றினால் ஆட்டமில்லை, நெளிவில்லை. குடத்தின் இரு புறத்திலும் கம்பிகள் கோக்கும் தட்டுகள் உண்டல்லவா? அவ்விரண்டுக்கும் சரி நடுவில் றிம் நின்றது. இடப்பக்கக் கம்பிகளும் வலப்பக்கக் கம்பிகளும் ஒரே இறுக்கம். ஆனால் சைக்கிளில் பூட்டியதும் சில்லு இடப்பக்கச் சட்டத்தை உரசியது. பையன் அதனை உருட்டிக்கொண்டு ஜம்பட்டா வீதிக்கு வந்தான். நானும் உடன் போனேன்.

கடைக்காரர் வயதானவர், யாழ்ப்பாணத்தார். 1990களில் பொருளாதாரத் தடையினால் அங்கே எரிபொருள் அருந்தலாகிப்போன காலத்தில், ஒரு குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஓடியபோது தொழில் பழகியவர். சில்லை ஒரு தரம் பார்த்தார். "சுவாமி, இதைக் கட்டின பெடியனிலை பிழையில்லை. பழைய ஒற்றைப் பற்சில்லுச் சைக்கிள் கட்டிப் பழகின கை. ரண்டு தட்டுக்கும் நடுவைப் பாத்திருக்கிறான். பாக்க வேண்டியது அச்சின்ரை ரண்டு முனைக்கும் நடுவை" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கியர் சைக்கிளில் பல பற்சில்லுகள் வலப்பக்கத்தில் அடுக்கடுக்காக ஏறுகின்றன. அவற்றுக்கு இடம்விட்டு வலத்தட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. இடத்தட்டோ வெளியே நிற்கிறது. ஆகவே தட்டுகளின் நடு வேறு, அச்சின் நடு வேறு. இரண்டுக்கும் இடையில் ஏழெட்டு மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். சைக்கிள் ஓடுவது அச்சில். சட்டத்தில் பூட்டப்படுவதும் அச்சுத்தான். றிம் அச்சின் நடுவுக்கு வரவேண்டுமானால் வலக் கம்பிகள் சற்றுக் குறுகியும் மிக இறுகியும், இடக் கம்பிகள் தளர்ந்தும் இருக்கவேண்டும். கிழவர் வேலையை முடித்தபின் கம்பிகளை விரலால் தட்டிக் காட்டினார். வலப்பக்கம் உச்சத்தில் ஒலித்தது, இடப்பக்கம் மந்தமாக. ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் மட்டும் ஒலி ஒத்திருக்கவேண்டும் என்றார்.

அவரிடம் அளவுகோல் கிடையாது. சில்லைப் பூட்டி, றிம்முக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். பிறகு கழற்றி இடம் வலமாகத் திருப்பிப் பூட்டி மீண்டும் பார்த்தார். றிம் நடுவில் இல்லையென்றால், முன்னர் ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது திருப்பியதும் மறுபக்கம் சாய்ந்து தெரியும். பிழை இரட்டிப்பாகிக் கண்ணில் படும். பிறர் நமக்குச் செய்யவேண்டுமென்று விரும்புவதையே நாமும் பிறருக்குச் செய்யவேண்டும் என்ற ஆண்டவரின் கட்டளையைப் பற்றி எத்தனையோ தடவை பிரசங்கம் வைத்திருக்கிறேன். ஆளை மாற்றிப் போட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கும் உபாயமாக அதனை எண்ணிப் பார்த்தது அன்றுதான்.

நம்மவருக்கு நடுவுநிலைமை என்றதும் துலாக்கோல் ஞாபகத்துக்கு வரும். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் அதற்கென்றே அமைந்தது. ஆனால் வள்ளுவர் சொல்லும் கோல், பொருளைத் தூக்குமுன் முதலில் தன்னைச் சமன்செய்துகொள்ளும் கோல். அந்த முதற் காரியத்தை நாம் விட்டுவிடுகிறோம். ஒருவன் பத்துக் கேட்டால், மற்றவன் ஒன்றும் இல்லையென்றால், ஐந்து என்று தீர்த்துவிட்டு, நீதி செய்தோம் என்று எழுந்து போகிறோம். அரிஸ்டோட்டில் தம் அறநூலில் இதனை எச்சரித்திருக்கிறார். பத்து மிகை, இரண்டு குறை என்பதால் ஆறுதான் எல்லாருக்கும் உகந்த உணவென்று எந்தப் பயிற்சியாளனும் விதிப்பதில்லை. மைலோ என்ற மல்லனுக்கு ஆறு காணாது, புதிதாகப் பழக வருபவனுக்கு அது கூட.

குருமடத்தில் இதனைப் படித்தபோது எனக்கொரு சந்தேகம் எழுந்ததுண்டு. கொடுக்கல் வாங்கலில் நீதி என்பது கணக்கின்படி சமன் பார்ப்பது என்றுதானே புனித தோமஸ் அக்குவினாஸ் சொல்கிறார். அப்படியானால் பாதி பாதி சரிதானே? அல்ல. அவர் சொல்லும் சமம் கொடுத்ததற்கும் பெற்றதற்கும் இடையிலுள்ள சமம். இருவர் வாயில் வரும் தொகைகளுக்கு இடையிலுள்ள பாதியன்று. கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்பது விசாரித்துக் கண்டறியவேண்டிய உண்மை. அச்சு அதுதான். சாலமோன் அரசன் பிள்ளையை இரண்டாகப் பிளக்கச் சொன்னதைத் தீர்ப்பென்று யாரும் கொள்வதில்லை. இரு தாய்மாருக்கும் சரி நடு அந்த வாள் வெட்டும் இடந்தான்! உண்மை எந்தப் பக்கம் என்று வெளிப்படுத்தவே அரசன் அதனைக் கேட்டான். வெளிப்பட்டதும் முழுப் பிள்ளையையும் ஒருத்தியிடமே கொடுத்தான்.

அப்படியானால் எளியவன் பக்கம் எப்போதும் சாய்ந்துவிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஏழை என்பதற்காக வழக்கில் அவனுக்குச் சாதகம் செய்யாதே என்று யாத்திராகமமே கட்டளையிடுகிறது. செல்வன் முகம் பாராதே, வறியவன் முகமும் பாராதே என்கிறது லேவியராகமம். கிழவர் வலக் கம்பிகளை இறுக்கியது வலப்பக்கத்தின்மேல் பட்சபாதத்தினால் அல்ல. அச்சு அங்கே இருந்தது, அவ்வளவே. வேறொரு சில்லில் அது வேறு பக்கமாக இருக்கலாம்.

1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடெரிந்து அகதி முகாமுக்குப் போனவர்களிடம், இரு பக்கமும் பொறுத்துப் போகவேண்டும் என்று புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். எரித்தவனுக்கும் எரியக் கொடுத்தவனுக்கும் நடுவில் நின்று அப்படிச் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழாவன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் முழு உண்மையைக் கேட்டபோதும், கிடைத்ததோடு அமைதியடையலாமே என்ற குரல் எழாமலில்லை. மன்னிப்பை அவர்கள் மனமுவந்து கொடுக்கலாம், முழுவதுமாகவே கொடுக்கலாம். உண்மையைப் பாதியாக வாங்கிக்கொள் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

பிறரைப் பற்றி எழுதுவது இலகு. நானும் அப்படியொரு சில்லைக் கட்டியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து ஒரு வீட்டில் வேலைசெய்த பெண் என்னிடம் முறையிட்டாள். பதினொரு மாதச் சம்பளம் வரவில்லை என்றாள். வீட்டுக்காரர் ஆலயத்துக்கு உதவி செய்பவர்; எல்லாம் கொடுத்தாயிற்று, ஊருக்கு அனுப்பிய பணத்தில் கழித்தாயிற்று என்றார். இருவரையும் அறையில் இருத்தி, ஐந்தரை மாதச் சம்பளம் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உடனே சம்மதித்தார். அவள் சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "சரிங்க சாமி" என்றாள். சச்சரவின்றித் தீர்த்துவைத்தேன் என்று பலர் மெச்சினார்கள். எனக்கும் உள்ளூரத் திருப்திதான்.

அந்த வீட்டில் செலவுக் கணக்கு எழுதும் கொப்பி ஒன்று இருந்தது. பேச்சின் நடுவே வீட்டுக்கார அம்மாவே அதைப்பற்றிச் சொன்னார். கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றில் அவருக்கு ஐந்தரை மாதப் பணம் மிஞ்சியிருக்கும், அல்லது அவளுக்குப் பதினொரு மாதமும் கிடைத்திருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் ஒருவர் என்மேல் மனவருத்தப்பட்டிருப்பார். அந்த மனவருத்தத்துக்கு அஞ்சித்தான் கேட்காமல் விட்டேன் என்பதை இப்போது ஒளிக்க முடியவில்லை. அவளை என் நாற்காலியிலும் என்னை அவள் இடத்திலும் ஒரு கணம் இருத்திப் பார்த்திருந்தால், முதல் வேலையாகக் கொப்பியைத்தான் கேட்டிருப்பேன்.

பையனின் சைக்கிள் நேராக ஓடுகிறது. கிழவர் அன்று வாங்கிய கூலியைக் கேட்டால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், அவ்வளவு சொற்பம். நான் சென்ற மாதம் அந்த வீட்டுக்காரருக்கு, அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. தவக்காலம் முடியுமுன் நேரில் போவதாக இருக்கிறேன்.