காது திரும்பும் திசை

கார்த்திகை, ஒரு ஞாயிறு

தரை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. பினாயில் வாடை. நான் காப்பகத்தின் கேட்டைத் திறந்ததும் முதல் கூண்டில் ஒரு குரல் எழும். அது அடுத்த கூண்டுக்குத் தாவி, அதற்கடுத்ததற்குப் போய், தகரக் கூரையே அதிரும். நான்காம் கூண்டில் மட்டும் சத்தம் இருக்காது. அங்கே இருப்பவள் பின்சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள்.

பதிவேட்டில் அவளைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. பெண். கருப்பு. நாட்டு நாய். வயது நாலைந்து இருக்கலாம். இடது காதில் வெட்டு. வலது பின்னங்கால் முறிவு. பெருங்களத்தூர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலை ஓரம். 2024 நவம்பர் 2.

தீபாவளிக்கு மூன்றாம் நாள் அது. அந்த வாரத்தில் எந்தக் காப்பகத்திலும் இடம் இருக்காது. வெடிக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியவை, திசை தெரியாமல் நாலு ஊர் தாண்டியவை, வண்டியில் அடிபட்டவை என்று வந்துகொண்டே இருக்கும். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியாக வந்த நாயும் அதே தீபாவளியில்தான் வெடிச்சத்தத்துக்கு பயந்து ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோனது. செய்தியைப் படித்த அன்று இவளுக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தார்கள்.

எங்களிடம் ஏற்கெனவே மூன்று கருப்பிகள் இருந்தார்கள். சமையல் செய்யும் அக்கா இவளுக்கு ராக்கு என்று பெயர் வைத்தார். "ராத்திரி மாதிரி இருக்கா. வேற என்னன்னு கூப்பிட?"

ராக்கு அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை.


மார்கழி

காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று பொருள். சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கிய வேலை இது. பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. 2001-ல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023-ல் வந்த புதிய விதிகள் இந்த நாய்களைச் சமூக விலங்குகள் என்று சொல்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் நம் ஊர்த் தெருக்காரர்களுக்கு இது சட்டம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு வீட்டில் பழையது, இன்னொரு வீட்டு வாசலில் தூக்கம், டீக்கடையில் பொறை, மழை வந்தால் பிள்ளையார் கோயில் திண்ணை. வீட்டு நாயா தெரு நாயா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத நாய்கள் எத்தனையோ.

ராக்குவும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கூண்டுக்குள் அவள் சிறுநீர் கழிப்பதில்லை. மாலையில் வெளியே அழைத்துப்போகும் வரை அடக்கிக்கொண்டிருக்கிறாள். வாசல்படி தெரிந்த நாய். கழுத்தில் முடி தேய்ந்து ஒரு வளையம் இருக்கிறது, யாரோ பட்டை கட்டியிருக்க வேண்டும். துடைப்பத்தைக் கண்டால் ஒதுங்குவதில்லை, மூங்கில் கழியைக் கண்டால் மட்டும் உடம்பு தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

கால் கூடியதும் அவளைத் திரும்ப விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே விடுவது? அடிபட்டுக் கிடந்த இடம் அவள் இடம் அல்ல. ஓடி வந்து விழுந்த இடம். வேறு நாய்களின் எல்லையில், தாங்கி நடக்கும் ஒருத்தியைக் கொண்டுபோய் இறக்கிவிடுவது அவளைக் கொல்வதற்குச் சமம்.

அவள் படம் போட்டுச் சுற்றுவட்டாரத்தில் நோட்டீஸ் ஒட்டினோம். யாரும் வரவில்லை.


தை

தத்துக்குக் கொடுக்க வேண்டிய நாய்களைப் பற்றி நாலு வரி எழுதித் தருவது இங்கே என் வேலை. படத்துக்குக் கீழே அந்த வரிகள் போகும்.

ராக்குவைப் பற்றி நான் முதலில் எழுதியது: 'அமைதியானவள். பாசமானவள். எல்லோரிடமும் பழகுவாள்.' இதே வார்த்தைகளைப் போன வருஷம் செவலை ஒன்றுக்கும் எழுதியிருந்தேன். அதைக் கூட்டிப்போன குடும்பம் ஒன்பதாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டது. குழந்தை சாப்பிடும் தட்டின் அருகே போனபோது உறுமியதாம். தட்டின் பக்கம் யார் வந்தாலும் அது உறுமும் என்று எங்களுக்குத் தெரியும். நான் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் குழந்தை இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்கள். திரும்பி வந்த அன்று அந்தச் செவலை அவர்கள் காரின் பின்னால் கேட்டு வரை ஓடிப்போய் நின்றது. அதை நினைக்கும்போதெல்லாம், நான் எழுதிய மூன்று வரியும் பொய் என்று உறுத்துகிறது. இரக்கத்தில் சொன்ன பொய்தான். ஆனாலும் அதன் பாரத்தைச் சுமந்தது நாய்.

ராக்குவின் தாளைக் கிழித்துவிட்டேன். இனி அவளைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.


அதே மாதம்

நான்காம் கூண்டின் வெளியே, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். நேருக்கு நேர் பார்ப்பதில்லை. நாய்களுக்கு அது மிரட்டல். முதல் வாரம் சுவர். இரண்டாம் வாரம் சுவர், ஆனால் ஒரு காது மட்டும் என் பக்கம். மூன்றாம் வாரம் அவள் கொட்டாவி விட்டாள்.

பார்க்க வருபவர்கள் இந்தக் கொட்டாவியைக் கண்டு "சோம்பேறி நாய் போல" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். தூக்கம் வந்து விடும் கொட்டாவி அல்ல அது. பதற்றத்தில் உள்ள நாய் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உன்னோடு எனக்குச் சண்டை இல்லை என்று சொல்லும் விதம் அது. முதுகு காட்டி உட்காருவதும் அதே பேச்சின் ஒரு வாக்கியம். அரை நிமிடம் நின்று பார்த்துவிட்டு, வெள்ளைக் குட்டி இருக்கிறதா, லேப்ரடார் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு அதைக் கேட்க நேரம் ஏது?

சாப்பாட்டில் ஒரு பழக்கம். சோறும் கோழிக் கழுத்தும் மஞ்சள் போட்டு வேகவைத்துத் தட்டில் கொட்டியதும், முதலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுபோய்க் கோணிக்கு அடியில் வைக்கிறாள். மூக்காலேயே கோணியை இழுத்து மூடுகிறாள். பிறகுதான் வந்து சாப்பிடுகிறாள். தினமும் காலையில் அக்கா கோணியை உதறினால் காய்ந்த துண்டு விழும். "குட்டிங்களுக்கு எடுத்து வைக்கிறா தம்பி" என்கிறார் அக்கா. அவள் காம்புகள் தொங்கியிருக்கின்றன, ஒருமுறை ஈன்றவள்தான். காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. அவள் எடுத்து வைக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.


மாசி

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பது செய்தி.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் அதை வெட்டியவர், நல்ல நாய் என்றோ பாசமான நாய் என்றோ வெட்டவில்லை. பெயரைச் சொன்னார், அது செய்ததைச் சொன்னார். கல்லில் இடம் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் படித்ததும் அந்த நாய் கண்ணில் நிற்கிறது. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தக் கல்தான்.

ராக்குவின் உண்மைப் பெயர் என்னவாக இருக்கும்? மணி, ஜூலி, ரோசி, செல்லம்மா, லட்சுமி. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தாறு பெயர்கள் சொல்லிப் பார்த்தேன். காது அசையவே இல்லை.


பங்குனி

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

மாலை ஐந்து மணி. கயிற்றில் கட்டி அவளை வெளியே அழைத்து வந்தேன். அவள் கயிற்றை இழுக்கவே மாட்டாள், என் வேகத்துக்கு அரை அடி பின்னால் தாங்கித் தாங்கி வருவாள். கேட்டுக்கு அருகில் வந்தபோது அரிசி மூட்டை கொண்டுவருபவரின் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டது. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டி. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 இப்படிச் சத்தம் போடாது, இப்படிப் புகைவதும் இல்லை.

இரண்டு காதும் ஒரே நேரத்தில் எழுந்தன. அதுவரை நான் பார்த்திராத அளவுக்கு எழுந்தன.

வண்டி உள்ளே வந்து நின்றது. அவர் எஞ்சினை அணைக்காமல் முன்னால் இருந்த மூட்டையை இறக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். காலி இடம் தெரிந்ததும் ராக்கு கயிற்றோடு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். முறிந்து கூடிய கால் என்பதையும் மறந்து ஒரே தாவில், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். முகம் முன்பக்கம். வால் தன் காலைச் சுற்றி ஒழுங்காக மடிந்திருந்தது, சக்கரத்தில் மாட்டாதபடி. அந்த வாலை மடிக்க அவளுக்கு யாரோ கற்றுத்தந்திருக்கிறார்கள். அல்லது, பலமுறை போய்ப் போய் அவளே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அரிசிக்காரர் திரும்பி வந்து பார்த்தார். "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், அவளை முன்னால் வைத்துக்கொண்டே மைதானத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். காற்று முகத்தில் பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஐந்து மாதத்தில் இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கூண்டில் இருந்தது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். அது கூண்டின் சுபாவம்.

இறங்க மறுத்தாள். நானும் அக்காவும் தூக்கித்தான் இறக்கினோம். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டி கேட்டைத் தாண்டி, சாலை திரும்பி, சத்தம் தேய்ந்து போகும் வரை அந்தக் காதுகள் தாழவில்லை.

இன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்று அக்கா போனில் சொன்னார்.


சித்திரை

பால்காரரா, காய்கறி விற்பவரா, கீரைக்காரரா? பழைய எக்ஸ்எல்லில் ஒரு கருப்பு நாயை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு விடியற்காலையில் போகும் ஒருவரை நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் நோட்டீஸ் அவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். இத்தனை கிலோமீட்டர் தள்ளித் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இருக்கலாம். செத்துப்போயிருக்கும் என்று யாராவது சொல்லி அவர் நம்பியும் இருக்கலாம்.

மறுபடியும் நோட்டீஸ் அடித்தோம். இந்த முறை மெக்கானிக் கடைகளில் ஒட்டினோம்.


ஆவணி

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22-ம் தேதி அது மாற்றப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் ஆனவற்றை, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர, பழைய இடத்திலேயே விட வேண்டும் என்றது.

கடிபட்ட குழந்தையின் தாய்க்கு இருக்கும் பயத்தை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஒவ்வொரு நாய்க்கும் ஊசி போட்டாக வேண்டும், கடிபட்டவர் அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஆனால் காப்பகத்தில் அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிறவர்கள், ஒரு மாலை நான்காம் கூண்டின் முன்னால் வந்து உட்கார வேண்டும். நன்றாக நடத்தப்படும் காப்பகம் இது. வேளைக்குச் சோறு, மருந்து, கழுவிய தரை எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பி, சிறுநீரில் கார்ட்டிசால் அளவைப் பார்த்திருக்கிறார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வு. வீட்டில் இருந்தபோது அளவு குறைந்தது. திரும்பியதும் பழைய அளவுக்கே வந்தது, அதைத் தாண்டி ஏறவில்லை. கூட்டிப்போய்த் திரும்ப விட்டால் ஏங்கிப்போகுமே என்று தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். இரண்டு இரவு ஓய்வும் ஓய்வுதான்.


புரட்டாசி

தீபாவளி நெருங்குகிறது. ராக்குவுக்கான தாளை இன்று எழுதி முடித்தேன்.

'நான்காம் கூண்டு. கருப்புப் பெண் நாய். கருத்தடை ஆனது, தடுப்பூசிகள் போட்டிருக்கிறது. குளிர் நாளில் வலது பின்னங்காலைத் தாங்கி நடப்பாள். முதல் நாள் உங்களுக்கு முதுகு காட்டுவாள். கழியைக் கையில் எடுக்காதீர்கள். சாப்பாட்டில் ஒரு துண்டை ஒளித்து வைப்பாள், விட்டுவிடுங்கள். வெடிச்சத்தத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓடிவிடுவாள், அந்த நாட்களில் கதவு மூடிய அறை வேண்டும். வீட்டுக்குள் அசுத்தம் செய்ய மாட்டாள். கூப்பிட்டால் வர மாட்டாள். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால், சில வாரங்களில் அவளாகவே வந்து முதுகை உங்கள் முழங்காலில் சாய்த்துக்கொள்வாள். எனக்கு ஆறு வாரம் ஆனது.'

வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் வாருங்கள். முடியாதவர்கள் தீபாவளியின் அந்த இரண்டு இரவுகளுக்கு மட்டும் ஓர் அறை கொடுங்கள்.

இன்னொன்று. 2024 தீபாவளியன்று ஒரு கருப்பு நாயைத் தொலைத்தவர், பழைய எக்ஸ்எல் வைத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள்.