பூட்டும் நம்பிக்கையும்

நம் சிற்றூர்களில் ஜினாலயத்தின் திறவுகோல் தலைமுறை தலைமுறையாக உபாத்தியாயர் இல்லத்தில் இருந்துவருவதை நாம் அறிவோம். அத்தகைய ஓர் ஊரில் அண்மையில் கூடிய கூட்டத்தில் நாமும் இருந்தோம். நகரத்தில் பணிபுரியும் இளைஞர் சிலர், பழைய பூட்டை அகற்றிவிட்டு எண்களை அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டைப் பொருத்துவோம், செலவு எங்களுடையது என்றனர். இத்தனை காலம் காத்த பூட்டுக்கு என்ன குறை வந்தது என்று பெரியவர்கள் கேட்டனர். வாதம் நீண்டது. இறுதியில் தூணருகே அமர்ந்திருந்த முதிய உபாத்தியாயர், "என்மேல் ஏதேனும் ஐயமா?" என்று மட்டும் கேட்டார். அனைவரும் வாயடைத்துப் போயினர். அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

எப்பூட்டு வலியது என்பதை முதலில் நோக்குவோம். திண்டுக்கல் பூட்டை நம்மில் அறியாதார் இலர். கைத்திறனால் உருவாகும் அப்பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளிருக்கும் தகடுகளைத் திறவுகோலின் பற்கள் உரிய உயரத்திற்குத் தூக்கினாலன்றி அதன் தாழ் நகராது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. பழுதுற்றால் உள்ளூர்க் கொல்லரே சரிசெய்வார். ஆயினும், திறக்கவொண்ணாத பூட்டென ஒன்று உலகில் இல்லை. இலண்டனில் ஜோசப் பிராமா என்பவரின் பூட்டு 1790 முதல் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்தது. திறவுகோலின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எவராலும் இயலாத அதனை, 1851-ஆம் ஆண்டில் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் பதினாறு நாட்களில் 51 மணி நேரம் முயன்று திறந்துவிட்டார்.

மின்னணுப் பூட்டும் இதற்கு விலக்கன்று. விடுதிகளில் பரவலாக இருந்த ஒருவகை மின்னணுப் பூட்டைச் சிறு கருவியொன்றால் திறக்கலாம் என்பதை 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஒருவர் செய்து காட்டினார். மின்கலம் தீர்ந்தால் பூட்டு செயலிழக்கும். விரல் ரேகையால் திறப்பதென்றால், மண்வெட்டி பிடித்தும் சந்தனம் அரைத்தும் தேய்ந்த விரல்களை அக்கருவி பல வேளைகளில் ஏற்பதில்லை. எண்ணைப் பிறர் அறிந்துகொண்டால் மாற்றிவிடலாம். ரேகையைப் பிறர் களவாடினால் விரலை மாற்ற இயலுமோ?

ஆகவே வலிமையைக் கொண்டு மட்டும் இவ்வழக்கைத் தீர்த்தல் அரிது. இவ்விரண்டிற்கும் உள்ள மெய்யான வேறுபாடு மற்றொன்று. பழைய பூட்டு யாருக்குத் திறந்தோம் என்பதை நினைவில் வைப்பதில்லை. மின்னணுப் பூட்டுகள் பல, யாருடைய எண்ணால், எந்நாளில், எந்நேரத்தில் கதவு திறந்தது என்பதைக் குறித்துவைக்கும். உபாத்தியாயரின் உள்ளத்தைத் தைத்தது இக்குறிப்பேயன்றோ!

கொடுக்கப்படாததை எடுத்தலே களவு என்பது நம் அறநூல்களின் இலக்கணம். காரணமின்றி ஒருவரை ஐயுற்று அவருடைய நற்பெயரைக் கவர்வதும் ஒருவகைக் களவே என நாம் கருதுகிறோம். எனினும், குறிப்பு வைத்தல் எல்லாம் ஐயுறுதல் ஆகுமா? உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுகிறோம். பொருளாளர் வரவு செலவு எழுதிப் படிக்கிறார். அவரைக் கள்வரென்று எவரும் எண்ணுவதில்லை. பழி வரும் நாளில் அக்கணக்கே அவருக்குத் துணைநிற்கும். ஒரே திறவுகோல் ஒருவர் கையில் இருக்க, செப்புத் திருமேனியொன்று காணாமற்போனால் ஊரார் விரல் முதலில் யாரை நோக்கி நீளும்? "நான் அல்லேன்" என்னும் சொல்லையன்றி அவருக்கு வேறு சான்று ஏது?

இங்கேதான் நடுவுநிலைமை வேண்டும். உபாத்தியாயரின் வருகையை மட்டும் குறித்து, அறங்காவலர்க்கும் செல்வர்க்கும் குறிப்பில்லாத வழியொன்றை வைப்போமாயின் அது அவமதிப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண் வழங்கி, தலைவர் முதலாக எல்லார் வருகையும் பதிவாகி, அப்பதிவு மாதந்தோறும் அவையில் படிக்கப்படுமாயின் அது நீதி. இல்லங்களுக்கும் இதுவே அளவுகோல். வீட்டில் பணிபுரியும் பெண்ணின் வருகையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் பூட்டு, அவ்வீட்டின் பண்பையே குறைக்கும். அத்தகைய இல்லத்திற்கு எளிய பூட்டே போதுமானது.

அக்கூட்டத்தில் நாம் கூறிய கருத்து இது: தலைவாயிலுக்குப் பழைய பூட்டே இருக்கட்டும், அதன் திறவுகோல் உபாத்தியாயர் கையிலேயே இருக்கட்டும். செப்புத் திருமேனிகள் உள்ள அறைக்கு மட்டும், அனைவரையும் ஒருசேரக் குறிக்கும் மின்னணுப் பூட்டைப் பொருத்தலாம். பெரியவரிடம் இதனை முதலில் தனியே எடுத்துரைத்து, அவர் இசைவு பெற்ற பின்னரே செய்தல் வேண்டும்.

இளைஞர்கள் கொண்டுவந்து காட்டிய பூட்டில் ஒன்றைக் கண்டோம். மின்கலம் தீர்ந்துபோகும் வேளைக்கென அதனுடன் ஒரு சாதாரணத் திறவுகோலும் இருந்தது. அதனை யாரிடம் கொடுத்து வைப்பது என்று கேட்டோம். சற்றுநேரம் ஒருவரையொருவர் நோக்கிய இளைஞர்கள், உபாத்தியாயரிடமே கொடுக்கலாம் என்றனர்.