தூங்குகிறவரை எழுப்பலாமா?

அசந்து தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லுவார்கள். அவிநாசிபாளையத்தில், தாராபுரம் சாலையை ஒட்டிய ஒரு சிறிய விடுதியின் மேலாளரும் அதையேதான் சொன்னார். அறையில் புகை கண்டால் அலறும் மணியை, பனியன் போட்டு வரும் பிளாஸ்டிக் உறையால் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, ஊதுபத்தி கொளுத்தினாலே கத்துதுங்க. நூல் வாங்க வந்தவங்க, லாரிக்காரங்க, அலுத்துப் படுத்திருப்பாங்க. எழுப்பலாமுங்களா?"

அவர் சொன்னது பொய்யல்ல. வெந்நீர் ஆவிக்கும் தீயின் புகைக்கும் அந்தக் கருவிக்குப் பல நேரம் பேதம் தெரியாது. ஆனாலும் அவருடைய கருணையில் ஒரு கோணல் இருக்கிறது. தூக்கம் கெட்டால் விருந்தாளிக்குத் தெரியும், சண்டைக்கு வருவார். உறை போட்டது அவருக்குத் தெரியாது. விழித்திருப்பவன் தன் ஆபத்தைத் தானே ஏற்கலாம். தூங்குகிறவனுக்காக அதை ஏற்க இன்னொருவர் யார்?

2019 பிப்ரவரி 12 அன்று, விடியுமுன், டில்லி கரோல்பாக்கில் அர்பித் பேலஸ் ஓட்டல் தீப்பற்றி 17 பேர் மாண்டார்கள். தீயணைப்புத் துறையின் சான்றிதழ் அந்த ஓட்டலிடம் இருந்தது. சான்றிதழ் கதவைத் தட்டுமா?

குளியலறை வாசலிலுள்ள கருவியைச் சற்றுத் தள்ளி மாட்டலாம். அவ்வப்போது பஞ்சுத் தூசியைத் துடைக்கலாம். அப்படியும் என்றாவது ஓர் இரவு அது வீணாக அலறத்தான் செய்யும். விருந்தாளி இறங்கி வந்து மேலாளரைத்தான் திட்டுவார். திட்டட்டும்.