காகிதப் பூவும் கைம்பெண்ணின் கையும்



தேவமாதாவின் வணக்கமாதமாகிய மே மாதம் பிறந்துவிட்டது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கத்து வீடுகளில் மாதா பீடம் சோடிக்கும் வேலை மும்முரமாய் நடக்கிறது. காலையில் சாத்திய மல்லிகை இந்த வெயிலில் நண்பகலுக்குள் வாடிவிடுகிறபடியால், அநேகர் காகிதப் பூக்களையே செய்து வைக்கிறார்கள். மெல்லிய வர்ணக் காகிதம் ஆறேழை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, விசிறிபோல் மடித்து, நடுவில் நூலால் இறுகக் கட்டி, ஒவ்வொரு தாளாய் மேலே தூக்கிப் பிரித்துவிட்டால் பூ மலர்ந்துவிடும். சிறு பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை.

காகிதப் பூ மாதாவுக்கு ஏற்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். 1600-ம் ஆண்டில் எட்டாம் கிளமெந்து பாப்பரசர் வெளியிட்ட ஆயர்களின் சடங்கு நூல், கோவில் பீடத்துக்கே பட்டினால் செய்த பூக்களை அனுமதித்திருந்தது. இன்றைய பூசைப் புத்தகத்தின் பொதுப் படிப்பினையோ பீடத்தை அளவோடு சோடிக்கச் சொல்கிறது. வீட்டுப் பீடத்தில் காகிதப் பூ வைக்க ஒரு தடையுமில்லை. ஆகையால் பூ எதனால் ஆனதென்ற கவலையை விட்டுவிடுங்கள். அதைச் செய்த கையை எப்படி நடத்துகிறோமென்று யோசியுங்கள்.

சென்ற ஆண்டு இதே மாதத்தில் ஒரு வீட்டுக்கு ஜெபமாலைக்குப் போயிருந்தேன். எந்த வீடென்று யாரும் ஆராய வேண்டாம். பல வீடுகளில் நடப்பதே. புருஷனை இழந்த ஒரு சகோதரி, பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, பூ மடிக்கக் கற்றுக்கொடுத்து, மாதாவுக்கென்று ஒரு பூமுடியும் கட்டியிருந்தாள். அதைச் சுரூபத்துக்குச் சூட்டும் வேளையில் வீட்டுப் பெரியவள் ஒருத்தி, "நீ இரும்மா, சுமங்கலி யாராவது வைக்கட்டும்" என்றாள். அந்தச் சகோதரி பூமுடியை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, ஜெபமாலையைத் தொடங்கிவிட்டேன். அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிரியமானவர்களே, பூமுடி சூடிய அந்த மாதா யார்? சேசுநாதர் சிலுவையில் தொங்கியபோது தம் தாயைச் சீஷனிடம் ஒப்புவித்தாரே, அது ஏன்? அர்ச். சூசையப்பர் அதற்கு முன்னரே மரித்துவிட்டாரென்பது திருச்சபையின் பழைய நம்பிக்கை. அப்படியானால் சிலுவையடியில் நின்றவள் ஒரு விதவை. விதவையின் கை படலாகாதென்று நாம் வாங்கிக்கொண்ட பூமுடி, ஒரு விதவையின் சிரசிலேயே ஏறியது!

தேவாலயத்தில் பாலன் சேசுவைக் கண்டு சர்வேசுரனைத் துதித்த அன்னாளும் முதிர்ந்த விதவையே. அவளை யாரும் விலக்கி நிறுத்தவில்லை. நாயீன் ஊர் விதவையின் கண்ணீரைக் கண்டு ஆண்டவர் மனமிரங்கினார். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை எல்லோருக்கும் மேலாக மெச்சினார். ஆண்டவர் கிட்ட அழைத்தவர்களை அபசகுனமென்று தள்ளி நிறுத்த நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்? ஞானஸ்நானத்தில் பெற்ற மகிமை தாலியோடு கழன்று போவதில்லை.

ஊர் வழக்கமென்று சொல்லாதேயுங்கள். வழக்கம் நம் வீட்டுக்குள்தான் வளர்கிறது. அங்கேதான் அது ஒழியவும் வேண்டும். இந்த மாதம் பூ மடிக்க உட்காரும்போது, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள விதவைத் தாய்மாரை முதலில் அழையுங்கள். முதல் பூவை அவர்கள் கையால் வைக்கச் செய்யுங்கள். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

மே 31, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாள். அன்று உங்கள் வீட்டுக் காகிதப் பூக்களைக் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். நம் பங்கின் விதவைத் தாய்மார் மாதாவுக்கு முடி சூட்டுவார்கள். சென்ற ஆண்டு வாய் திறவாத உங்கள் குருவானவர், இவ்வாண்டு அவர்கள் பக்கத்தில் நிற்பார்.

சேசு மரி சூசை துணை. ஆமென்.