யாருடைய வெளிச்சம்?

இரண்டு நிறங்களில் எது நல்லது என்பதை, எந்த வெளிச்சத்தில் என்று கேட்காமல் தீர்க்க முடியுமா?

ரொறன்ரோவில் வாடகை வீட்டுச் சுவர்களுக்கு நிறம் தேடும் எம் கையில் ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ற் அட்டை இருக்கிறது. அதில் 6204 'சீ சோல்ற்', 6205 'கொம்ஃபர்ற் கிறே'. இரண்டுமே பச்சை கலந்த சாம்பல். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100 எனக் கொண்டு, பட்ட வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தால் முதலாவது 63, இரண்டாவது 54. இது எவருடைய இரசனைக்கும் கட்டுப்பட்டதல்ல.

ஆனால் சுவரில் ஏறியதும் கதை வேறு. வடக்குப் பார்த்த யன்னலால் பெரும்பாலும் நேர்வெயில் வராது; வருகிற ஒளியில் நீலம் கூட. இரவில் மஞ்சள் மின்குமிழின் கீழ் அதே சுவர் இன்னொரு சுவராகிவிடுகிறது.

1933இல் நாஜிகளின் நெருக்குதலால் பௌஹவுஸ் கலைப்பள்ளி மூடப்பட, அங்கு கற்பித்த ஜோசப் அல்பேர்ஸ் ஜேர்மனியை விட்டு அமெரிக்கா போனார். ஒரே நிறம் இரு பின்னணிகளில் இரு நிறமாகத் தெரிவதை, 1963இல் வெளியான தமது நூலில் அவர் காட்டினார்.

உடனே 'எல்லாம் பார்ப்பவர் கண்ணில்தான்' என்று சிலர் முடித்துவிடுவார்கள். நாம் அப்படி முடிக்கவில்லை. 63உம் 54உம் மாறவில்லை. தோற்றம் மாறுகிறது, அதற்கும் காரணம் சொல்ல முடிகிறது. ஆகவே இருவர் இருவிதமாகக் கண்டால், ஒருவர் பொய்யர் என்றாகாது.

உணவகங்களில் கோப்பை கழுவும் நாம் வீடு சேர நள்ளிரவு தாண்டும். நாம் அறிந்தது மின்குமிழின் கீழுள்ள சுவரை. பகல் முழுதும் அந்த அறைக்குள் இருக்கும் மனைவியோ, ஊரிலிருந்து வந்த அம்மாவோ அறிந்தது வேறு சுவரை. பெயின்றுக்குக் காசு கொடுப்பது நாமாக இருக்கலாம். அதனால் எமது இரண்டு மணி நேரம் அவர்களது பத்து மணி நேரத்தைவிடப் பெரிதாகிவிடுமா? ஜனநாயகம் பற்றிக் கூட்டங்களில் உரத்துப் பேசும் எமக்கு இது வீட்டுக்குள்ளேயே வந்த பரீட்சை.

இரண்டையும் இரு பலகைகளில் பூசி, அறையிலேயே இரண்டு நாள் வைப்போம். காலையில் ஒருவர் பார்க்கட்டும், இரவில் மற்றவர் பார்க்கட்டும். கண்டதைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. முடிவு, அங்கு அதிக நேரம் வாழ்பவருடையது. அவர் 63ஐக் கேட்டால் அதையே பூசுவோம். நள்ளிரவில் அது எமக்கு வெறும் சாம்பலாகத் தெரியலாம். தெரியட்டும். அவர் பகலில் கண்ட பச்சையை நம்புவோம்.